எழுதிக் கொடுப்பவர் கேட்க வேண்டியவை

சொத்தை எழுதிக் கொடுப்பவர்கள், டிரஸ்ட் ஏற்படுத்த நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பல வருடம் பத்திரம் எழுதியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: உயிலுக்கும் செட்டில்மெண்டுக்கும் என்ன வித்தியாசம் ஐயா?

பதில்: உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம். செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்; அது பதிவாகி, சொத்தைப் பெறுபவர் ஏற்றுக்கொண்டால் உரிமை அப்போதே கைமாறிவிடும்.

கேள்வி: மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தேன். இப்போது சாப்பாடுகூடப் போடுவதில்லை. ரத்து செய்ய முடியுமா?

பதில்: முதலில் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள் அம்மா. உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? இருந்தால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23-ஆவது பிரிவின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுங்கள். 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் கஷ்டம்தான்; நிபந்தனை அவசியம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியானாலும் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை போகாது. அதை விட்டுவிடாதீர்கள்.

ஒருமுறை சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பாட்டி கைரேகை வைத்துவிட்டு, விரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "நாளைக்கும் நான் இந்த வீட்லதானே இருப்பேன்?" வேறொருவர் எழுதிய பத்திரம் அது. வாங்கிப் படித்தேன். அதற்கு ஒரு வரிகூட இல்லை. அப்புறம் நான் எழுதிய எந்தப் பத்திரத்திலும் இதைக் கேட்காமல் பேனாவைத் திறந்ததில்லை.

கேள்வி: அப்படியென்றால், சாகும்வரை நானே குடியிருப்பேன் என்று எழுதிக்கொண்டால் பத்திரம் செல்லுமா?

பதில்: தாராளமாகச் செல்லும். ஆயுள்கால அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு எழுதிய தானம் செல்லும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வாடகை வாங்கும் உரிமையையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: மாற்றுத்திறனாளி மகளுக்காக டிரஸ்ட் வைக்கப் போகிறேன். நானே டிரஸ்டியாக இருக்கலாமா?

பதில்: டிரஸ்ட் என்பது ஒருவருடைய நன்மைக்காகச் சொத்தை ஒரு பொறுப்பாளரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு; அந்தப் பொறுப்பாளர்தான் டிரஸ்டி. நீங்களே இருக்கலாம். இந்திய டிரஸ்ட் சட்டம், 1882 அதை அனுமதிக்கிறது. எண்ணம், நோக்கம், பயனாளி, சொத்து நான்கையும் ஐயமில்லாமல் எழுதுங்கள். வீடோ நிலமோ என்றால் பத்திரத்தைப் பதிய வேண்டும். உங்களுக்குப் பிறகு யார் டிரஸ்டி என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். மகளுக்கு அதுதான் பாதுகாப்பு.

கேள்வி: பின்னால் மனம் மாறினால் டிரஸ்டைக் கலைக்கலாமா?

பதில்: ரத்து செய்யும் அதிகாரத்தைப் பத்திரத்திலேயே வைத்திருந்தால் கலைக்கலாம். இல்லையென்றால் பயனாளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மைனர் என்றால் அந்தச் சம்மதம் கிடைக்காது.