லீவில் பையன் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான், எப்படிப் படிக்க வைப்பது?

நான்காம் வகுப்பு முடித்த மகன், வாங்கிக் கொடுத்த ஐந்து புத்தகங்களும் அப்படியே கிடக்கின்றன, "போய்ப் படி" என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நம் மொழியில் பாடத்தை உருப்போடுவதும் படிப்புதான், கதைப் புத்தகத்தோடு சாய்ந்து உட்காருவதும் படிப்புதான். ஆண்டு முழுக்க அதட்டலோடு கேட்ட சொல்லை லீவில் எவ்வளவு ஆசையாகச் சொன்னாலும் அதட்டலாகத்தான் காதில் விழும். முதல் வேலை, இந்தக் கோடை முழுக்க "படி" என்ற சொல்லை வீட்டில் நிறுத்தி வையுங்கள். "அந்தக் கதையில் என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும்.

அந்த ஐந்து புத்தகங்களையும் தேர்ந்தெடுத்தது நீங்கள்தான் என்று ஊகிக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம், பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. பெரியவர்கள் தாங்கள் சின்ன வயதில் ரசித்ததையோ, பிள்ளை எட்ட வேண்டும் என்று ஆசைப்படும் உயரத்தில் இருப்பதையோ வாங்குகிறார்கள். பிள்ளை இரண்டு பக்கம் புரட்டுகிறான், தட்டுத் தடுமாறுகிறான், மூடி வைக்கிறான். அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

சோம்பலா, புத்தகம் கடினமா என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். புத்தகத்தின் நடுவிலிருந்து ஏறக்குறைய 100 சொற்கள் உள்ள ஒரு பகுதியை எடுங்கள். முதல் பக்கம் வேண்டாம், அதை அவன் ஏற்கெனவே பார்த்திருப்பான். வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, தவறும் இடங்களை அவன் கண்ணில் படாமல் விரல்விட்டு எண்ணுங்கள். எம்மெட் பெட்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946இல் வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 100 சொல்லுக்கு ஒரு தவறு என்றால் தனியாகவே வாசிக்கலாம். ஐந்து வரை என்றால் பக்கத்தில் ஒருவர் இருந்தால் ஓடும். பத்துக்கு மேல் போனால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

எண்ணும்போது சிலவற்றை விட்டுவிட வேண்டும். தானே திரும்பி வந்து திருத்திக்கொண்டால் அது தவறல்ல, உண்மையில் அது நல்ல வாசகனின் அடையாளம். "வருகிறது" என்று அச்சில் இருப்பதை "வருது" என்று வாசித்தாலும் தவறல்ல, பொருளைப் பிடித்துவிட்டான். ஒரே ஆள்பெயரைப் பத்து இடத்தில் தப்பாகச் சொன்னால் ஒரு தவறுதான். கடைசியில் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு சொல்கூடத் தவறாமல் வாசித்துவிட்டு என்ன நடந்தது என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் அந்தப் புத்தகம் கடினம்தான்.

தமிழில் வாசிப்பவனுக்கு இன்னொரு தடை உண்டு. வீட்டில் பேசுவது ஒரு தமிழ், அச்சில் இருப்பது வேறு தமிழ். "போயிட்டு வந்தான்" என்று பேசுகிற பிள்ளை "சென்று திரும்பினான்" என்பதைப் பார்க்கும்போது உள்ளுக்குள் ஒரு சின்ன மொழிபெயர்ப்பு நடக்கிறது. அது பழகும் வரை வேகம் வராது. உரையாடல்கள் பேச்சுத் தமிழிலேயே இருக்கும் புத்தகங்களில் தொடங்கினால் இந்தச் சுமை பாதியாகும்.

அடுத்தது ஒட்டிய சொற்கள். "வந்துகொண்டிருந்தபோதுதான்" நமக்கு ஒரு சொல், எட்டு வயதுக் கண்ணுக்கு அது ஒரு ரயில். வந்து, கொண்டு, இருந்த, போது, தான் என்று ஐந்து பெட்டி. தடுமாறும் பிள்ளைக்கு முதல் இரண்டு பக்கங்களில் மட்டும் பென்சிலால் லேசாகக் கோடு போட்டுப் பிரித்துக் காட்டுங்கள், மூன்றாம் பக்கத்திலிருந்து அவனே மனத்தில் பிரித்துக்கொள்வான். நூலகப் புத்தகம் என்றால் கோடு போட வேண்டாம், தனித்தாளில் எழுதிக் காட்டுங்கள். இன்னும் சின்னவர்கள் என்றால் கொம்பும் காலும் போட்ட எழுத்துகளைக் கவனியுங்கள். "கொ" என்பதை "கெர" என்று வாசிப்பது கவனக் குறைவு அல்ல. காலும் ரகரமும் அச்சில் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. எழுத்து பெரிதாக இருந்தாலே இந்தத் தவறு குறையும்.

சொல்லி முடிப்பதற்குள் ஒரு புலம்பல். சிறுவர் நூல் அச்சிடும் பலர் பளபளவென்ற தாளில், படத்தின் மேலேயே, பெரியவர்கள் புத்தகத்து எழுத்தளவில் கதையை ஓட்டிவிடுகிறார்கள். விளக்கு வெளிச்சம் தாளில் பட்டு எதிரொளிக்கும், கருநீலப் படத்தின் மேல் கறுப்பு எழுத்து வேறு. எந்த வயதுக்கு என்று அட்டையில் ஒரு வரி கிடையாது. கதை முடிந்ததும் "நீதி" என்று கொட்டை எழுத்தில் மறக்காமல் போடத் தெரிகிறது. அந்த இடத்தில் வயதைப் போட்டிருந்தால் பெற்றோருக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

சரி, எத்தனை புத்தகம் வேண்டும்? 2010இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல வழிகாட்டி. ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் குழுவினர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கோடையிலும் 12 புத்தகங்கள் கொடுத்தார்கள், தொடர்ந்து மூன்று கோடை. எது வேண்டும் என்று பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். புத்தகம் கிடைக்காத பிள்ளைகளைவிட அவர்கள் வாசிப்புத் தேர்வில் மேலே இருந்தார்கள். அந்த 12இல் எனக்கு முக்கியமாகத் தெரிவது எண்ணிக்கை அல்ல, "பிள்ளைகளே" என்ற சொல்தான். காசு இருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், இரவல் வாங்கினாலும், நாலு வீட்டார் மாற்றிக்கொண்டாலும் கணக்கு ஒன்றுதான்.

நூலகத்தில் ஒரு தடவைக்கு மூன்று எடுப்பது நல்லது. ஒன்று அவன் வயதுக்கு மிக எளிது, ஒன்று சரியான அளவு, மூன்றாவது எதிலும் சேராதது: பூச்சிகள், விடுகதை, மாயவித்தை, கார் எஞ்சின், எதுவானாலும் சரி. முதல் இரண்டையும் அவன் தொடாமல் மூன்றாவதையே நாலு முறை வாசித்தால் அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று பாதியில் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 20 பக்கம் போயும் பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடலாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வைத்துவிட அனுமதி இருக்கும் பிள்ளைதான் புதிய புத்தகத்தைத் துணிந்து எடுக்கும். காமிக்ஸ் எல்லாம் வாசிப்பா என்று கேட்பவர்கள் ஒரு பக்கத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். படத்தையும் பேச்சையும் சேர்த்து, இரண்டு கட்டங்களுக்கு நடுவில் சொல்லாமல் விட்டதை ஊகித்து வாசிக்க வேண்டும். சும்மா வருகிற வேலை அல்ல.

புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதுமா என்றால், போதாது. ஜேம்ஸ் கிம், தாமஸ் ஒயிட் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் புத்தகம் மட்டும் கிடைத்த பிள்ளைகளிடம் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. வீட்டில் ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டவும், புரியாத இடத்தில் என்ன செய்வது என்றும் ஆசிரியர் முன்பே பழக்கிவிட்ட பிள்ளைகள்தான் முன்னேறினார்கள். மேலே சொன்ன ஆய்வோடு இது முரண்படுகிறதே என்றால், அது மூன்று கோடை, இது ஒரே கோடை. உங்களிடம் இருப்பதும் ஒரே கோடைதான், அதனால் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

உட்காருவதற்கு எளிய முறை, பிரிட்டனில் கீத் டாப்பிங் பரப்பிய இணை வாசிப்பு. இருவரும் ஒரே பக்கத்தைச் சேர்ந்து, ஒரே நேரத்தில், பிள்ளையின் வேகத்தில் வாய்விட்டு வாசிக்கிறீர்கள். தனியாக ஓட்டலாம் என்று தோன்றும்போது அவன் மேஜையில் ஒரு தட்டு தட்டுவான், உடனே நீங்கள் நிறுத்திவிட வேண்டும். தவறினால் மனத்துக்குள் நாலு எண்ணுங்கள், அதற்குள் பாதி நேரம் தானே திருத்திக்கொள்வான். திருத்தவில்லை என்றால் சொல்லை நீங்கள் சொல்லுங்கள், அவன் திருப்பிச் சொல்லட்டும், மறுபடி சேர்ந்து வாசியுங்கள். அடுத்த தட்டு வரை அப்படியே. நாளுக்குப் பத்து நிமிடம், வாரம் ஐந்து நாள்.

இது கெட்டுப்போவது எப்போதும் பெரியவர்களால்தான். ஒரு சொல் முந்தி வாசிப்பார்கள், பிள்ளை அவர்கள் வாயைப் பார்த்து எதிரொலிக்கத் தொடங்கிவிடும். அல்லது கதை ஓடும்போது நிறுத்தி, "இது என்ன எழுத்து, கூட்டிப் படி பார்க்கலாம்" என்பார்கள். அந்த வினாடியில் கதை செத்தது, வகுப்பு தொடங்கியது.

தொடக்கப் பக்கங்கள் தனிக் கண்டம். ஒன்பது பத்து வயதில் பிள்ளைகள் புத்தகத்தை விடுவது பெரும்பாலும் முதல் பத்துப் பக்கத்துக்குள்தான். அங்கேதான் ஆறேழு பெயர்கள் ஒன்றாக வந்து இறங்கும், யார் யாருக்கு என்ன உறவு என்பது பிடிபடாது. அந்தப் பத்துப் பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டிவிடுங்கள். நீளமான ஒரு காகிதத் துண்டில் பெயர்களையும் உறவையும் எழுதி அதையே பக்க அடையாளமாக வையுங்கள். ஏதாவது நடக்கப்போகிற வரியில், முடிவதற்கு முன், நிறுத்தி எழுந்து போங்கள். புத்தகம் திறந்தபடி அங்கேயே கிடக்கட்டும்.

நேரத்துக்கு டைம்டேபிள் ஒட்ட வேண்டாம். "காலை 10 முதல் 11 வரை வாசிப்பு" என்ற தாள் நாலாம் நாள் சுவரில் மட்டும்தான் இருக்கும். தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒன்றின் வாலில் கட்டுங்கள். பெரும்பாலும் படுக்கைக்கு முந்தைய நேரம் பொருந்தும். ஆறேழு வயதுக்குப் பத்து நிமிடம், உங்கள் மகன் வயதுக்கு இருபது, இது என் கணக்கு. போனை மட்டும் இதற்குள் இழுக்காதீர்கள். "அரைமணி நேரம் படித்தால் அரைமணி நேரம் போன்" என்பது மிக நியாயமான ஒப்பந்தம் போலத் தெரியும். ஆனால் அதில் போன் பரிசு, புத்தகம் சுங்கக் கட்டணம். எந்தப் பிள்ளை சுங்கச் சாவடியை ரசிக்கும்?

ஸ்டிக்கர், நட்சத்திரம், புத்தகத்துக்கு இவ்வளவு பணம் என்பவற்றுக்கும் இதே சிக்கல். 1973இல் மார்க் லெப்பர் குழுவினர் படம் வரைவதில் ஆசை உள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள். வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் என்று முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகள், ஓரிரு வாரம் கழித்து மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. புத்தகத்தில் துளி ஆசையும் இல்லாத பிள்ளைக்கு இழக்க எதுவும் இல்லை, அங்கே பரிசு உதவலாம் என்று வாதிடுவோர் உண்டு, அதை மறுக்கவில்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டி அறிவிக்காமல், அடுத்த புத்தகத்தையே கொடுங்கள்.

லீவு வேலையாகப் "பத்துப் புத்தகம் வாசித்துச் சுருக்கம் எழுதி வா" என்று பள்ளியில் சொல்லியிருந்தால், அந்த நோட்டைக் கடைசி வாரத்தில் அம்மாதான் எழுதப்போகிறார் என்பது ஆசிரியருக்கும் தெரியும். வாசித்தபோதே தேதி, பெயர், பிடித்த ஒரு வரி என மூன்றை மட்டும் அவன் கையால் எழுதி வைக்கட்டும். பள்ளி கேட்டால் அதிலிருந்து பெருக்கிக்கொள்ளலாம்.

"கோடையில் ஒரு மாதப் படிப்பு மறந்துபோகும்" என்று பயமுறுத்துவதையும் பார்த்திருப்பீர்கள். ஹாரிஸ் கூப்பர் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு அது. 2019இல் பால் வான் ஹிப்பல் அந்தப் பழைய அளவீடுகளையே கேள்விக்கு உட்படுத்தினார். இழப்பு இருக்கிறதா இல்லையா என்பது ஆய்வாளர்கள் பாடு, அதைச் சொல்லிப் பிள்ளையைத் துரத்த வேண்டாம்.

நான் சொன்னது எதுவும் பலிக்காமல் போகும் ஒரு நிலை உண்டு. புத்தகத்தை முகத்தருகே பிடிக்கிறானா, வரி தாவுகிறானா, கொஞ்ச நேரத்தில் தலைவலி என்கிறானா என்று பாருங்கள். இருந்தால் முதலில் கண் பரிசோதனை. வரி மட்டும் தாவுகிறது என்றால் ஓர் அட்டையை வாசிக்கும் வரிக்கு மேலே வைத்து இறக்கிக்கொண்டே வரச் சொல்லுங்கள். எல்லோரும் கீழேதான் வைப்பார்கள், அது அடுத்த வரியை மறைத்து வேகத்தைக் கெடுக்கும். எட்டு வயது தாண்டியும் எழுத்தும் ஒலியும் சேரவில்லை என்றால் கற்றல் குறைபாடு பார்க்கும் நிபுணரிடம் போங்கள், கோடையை அதட்டலில் வீணாக்காதீர்கள்.

இடையில் பயணம், விருந்தாளி என்று பத்து நாள் விட்டுப்போனால் விட்ட இடத்தில் தொடராதீர்கள். ஏற்கெனவே வாசித்த எளிய புத்தகம் ஒன்றைத் திரும்ப எடுங்கள், இரண்டு நாளில் வேகம் வந்துவிடும். பள்ளி திறக்கும்போது பாதியில் ஒரு புத்தகம் நின்றிருந்தால் அதை அலமாரியில் ஏற்றாமல், காகிதத் துண்டோடு தலைமாட்டிலேயே விட்டுவையுங்கள்.