கோழிக்கறியை நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும்தானே? பிறகு எதற்கு இறைச்சிக் கிருமிகளைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி?

செத்துவிடும், அதில் சந்தேகமே வேண்டாம். கறித்துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர், ஈ.கோலை எதுவும் பிழைக்காது. நம் வீட்டுக் குழம்பு அதற்கு மேலேயே கொதிக்கிறது. ஆனால் கறியோடு வீட்டுக்குள் வரும் கிருமிகள் எல்லாம் அடுப்பில் ஏறுவதில்லை. கையில் கொஞ்சம், அரிவாள்மணையில் கொஞ்சம், தொட்டியில் கொஞ்சம் என்று தங்கிவிடுகின்றன. சில கிருமிகளோ வெந்த பிறகுதான் உணவில் ஏறுகின்றன. எங்கள் துறை பெரும்பாலும் தேடிக்கொண்டிருப்பது இவற்றைத்தான்.

நான் கால்நடை நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கறி, முட்டை, பால் மாதிரிகள்தான் தினசரி வேலை. சால்மோனெல்லாவை எப்படித் தேடுகிறோம் என்று சொன்னால் இந்த ஆராய்ச்சி ஏன் மெதுவாக நடக்கிறது என்பது புரியும். 25 கிராம் கறியை எடுத்து கிருமிக்குத் தீனியாகும் 225 மில்லி பெப்டோன் நீரில் கலக்கி, 37 டிகிரியில் இரவு முழுக்க வைக்கிறோம். ஐஸிலும் வெந்நீரிலும் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடக்கும் கிருமிக்குத் தெம்பு வருவதற்கான நேரம் அது. அந்த 25 கிராமில் உயிருள்ள கிருமி ஒன்றிரண்டு இருந்தாலும் காலைக்குள் பெருகிவிடும். கூடவே வேண்டாத கிருமிகளும் லட்சக்கணக்கில் பெருகியிருக்கும். அதனால் அதில் ஒரு துளியை, மற்றதை அடக்கி சால்மோனெல்லாவை மட்டும் வளரவிடும் பச்சை நிற புராத்துக்கு (கிருமி வளர்க்கும் திரவம்) மாற்றி 41.5 டிகிரியில் இன்னொரு நாள் வைக்கிறோம். பிறகுதான் எக்ஸ்எல்டி என்ற சிவப்பு மீடியம் (கிருமி வளர்க்கும் கூழ்) நிரப்பிய பிளேட்டில் தடவுவோம்.

மறுநாள் பிளேட்டைத் திறந்தால், சர்க்கரையைப் புளிக்கவைக்கும் ஈ.கோலை தன்னைச் சுற்றி மஞ்சளடித்திருக்கும். சால்மோனெல்லா காலனி, அதாவது பெருகிய கிருமிகளின் திட்டு, சிவப்பாக, நடுவில் மை வைத்தது போல் கறுப்பாக இருக்கும். அது வெளிவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மீடியத்தில் உள்ள இரும்போடு சேர்வதால் வரும் கறுப்பு அது. அதை வைத்து மட்டும் முடிவு சொல்லிவிட முடியாது, புரோட்டியஸ் என்ற வேறு கிருமியும் இதே வேஷம் போடும். உயிர்வேதிச் சோதனையும் சீரம் சோதனையும் முடிந்து உறுதியாகும்போது கிட்டத்தட்ட ஒரு வாரம் ஓடியிருக்கும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் முறையில் இரண்டு நாளுக்குள் சொல்லலாம். ஆனால் எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்க உயிருள்ள கிருமி கையில் வேண்டும். அதனால் பிளேட்டை விடமுடியாது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலரும் கேட்பது: "முகர்ந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது." கறி நாறுவது சூடோமோனாஸ் போன்ற கெடுக்கும் கிருமிகளால். நோய் தரும் அளவுக்கு சால்மோனெல்லா இருந்தாலும் கறி வாசத்தில் எந்த மாற்றமும் தெரியாது.

சரி, அடுப்பில் ஏறாத கிருமிக்கு வருவோம். அமெரிக்க வேளாண்மைத் துறை 2019-ல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. சோதனைச் சமையலறைகளில் 300 பேரைக் கோழித்தொடை சமைத்து, கூடவே சாலடும் செய்யச் சொன்னார்கள். கோழியில் தீங்கில்லாத ஒரு ஈ.கோலை ரகத்தை முன்கூட்டியே தடவி வைத்திருந்தார்கள், அது எங்கெல்லாம் போகிறது என்று பார்க்க. கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேருடைய தொட்டியில் அந்தக் கிருமி இருந்தது. தொட்டியைச் சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதம் பேருக்கு இருந்தது. கழுவியவர்களில் 26 சதவீதம் பேரின் சாலட் இலையில் கிருமி ஏறியிருந்தது. இதோடு நின்றிருந்தால் "கோழியைக் கழுவாதே" என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் சாலடில் அதே கிருமி! கழுவினாலும் கழுவாவிட்டாலும் பச்சைக்கறியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்த வேலைக்குப் போனதுதான் பெரிய காரணம்.

நம் ஊரில் கடையில் வெட்டி வாங்கும் கோழியில் ரத்தமும் இறகுத் துணுக்கும் இருக்கும், கழுவாதே என்றால் யாரும் கேட்கப்போவதில்லை, அந்த அறிவுரையை நானும் சொல்ல மாட்டேன். குழாயடியில் பிடித்துக் கழுவாமல் பாத்திரத்தில் நீர் விட்டு அலசுங்கள். அப்போது தெறிப்பது வெகுவாகக் குறையும். வெங்காயத்தயிருக்கு வெள்ளரி, வெங்காயம் எல்லாம் முதலிலேயே நறுக்கி மூடிவையுங்கள். கறி அதற்கப்புறம். மஞ்சள்தூள் போட்டு அலசுவது கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

வெந்த பிறகு ஏறும் கிருமிக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் தென்னாப்பிரிக்கா. 2017 நடுவில் அங்கே பச்சிளங்குழந்தைகளுக்கு லிஸ்டீரியா என்ற கிருமியின் தொற்று வழக்கத்துக்கு மாறாக வருவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். எந்த உணவிலிருந்து வருகிறது என்று மாதக்கணக்கில் தெரியவில்லை. சாப்பிட்டு எழுபது நாள் கழித்துக்கூட நோய் வெளிப்படலாம் என்பதால், "என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? 2018 ஜனவரியில் சொவேட்டோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்திலிருந்து சிறு பிள்ளைகள் பலர் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக ஒரே சமயத்தில் மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்கிருந்த குழந்தை மருத்துவர் உணவின் மேல் சந்தேகப்பட்டார். காப்பகத்தின் ஃபிரிட்ஜிலிருந்து பொலோனி எடுக்கப்பட்டது. பொலோனி என்பது ஏற்கெனவே வேகவைத்த, அப்படியே வெட்டிச் சாப்பிடும் இறைச்சி உருளை, அங்கே ஏழைகளின் மலிவான உணவு. அதில் லிஸ்டீரியா இருந்தது. மரபணு வரிசையைப் படித்தபோது, நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேரிடம் கிடைத்த அதே எஸ்டி6 ரகம். பொலோக்வானே நகரத் தொழிற்சாலை ஒன்றிலிருந்தும் அதே ரகம் கிடைத்தது. 2018 மார்ச் 4 அன்று அந்தத் தொழிற்சாலைதான் மூலம் என்று அரசு அறிவித்தது. பரவல் முழுதாக ஓய்வதற்குள் ஆயிரத்துக்கு மேல் நோயாளிகள், 200-க்கு மேல் மரணங்கள். நோயாளிகளில் பத்தில் நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைகள். உலகில் பதிவானவற்றிலேயே மிகப்பெரிய லிஸ்டீரியா பரவல் அதுதான் என்றது உலக சுகாதார நிறுவனம்.

லிஸ்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். கர்ப்பிணித் தாய்க்கு லேசான காய்ச்சலாகக் கடந்துபோவது வயிற்றில் இருக்கும் குழந்தையைக் கொன்றுவிடலாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், பாக்கெட்டில் வரும் சாசேஜ், சலாமி எதையும் ஆவி பறக்கச் சூடாக்காமல் கொடுக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

முட்டை பற்றியும் கொஞ்சம். சால்மோனெல்லா என்டரிடிடிஸ் கோழியின் சினைப்பையிலேயே தங்கக் கூடியது என்பதால், ஓடு பளிச்சென்று இருக்கும் முட்டைக்குள்ளும் கிருமி இருக்கலாம். பச்சை முட்டை மயோனைஸில் சூடே படுவதில்லை. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்ததற்குப் பின்னால் இருப்பது இந்த விஷயம்தான். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சமைத்து முடித்தவுடன் ஆபத்து தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் கிருமியின் ஸ்போர்கள், அதாவது கெட்டி உறைக்குள் விதைபோல் உறங்கும் வடிவங்கள், கொதியைத் தாங்கிவிடும். பெரிய அண்டாவில் மட்டன் குழம்பு மெல்ல ஆறும்போது அவை முளைத்து, சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். விசேஷ வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டமாக வயிற்றுவலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மீதமானதைச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

இன்னொரு ஆராய்ச்சி, நோய் வருகிறதா என்பதைவிட வந்தால் மருந்து கேட்குமா என்பதைப் பற்றியது. கொலிஸ்டின், வேறு எதுவும் பலிக்காதபோது ஐசியுவில் கொடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று. அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக் கூடியது என்று 2015-ல் சீன விஞ்ஞானிகள் காட்டினார்கள். பண்ணைப் பன்றியின் ஈ.கோலையில்தான் முதலில் பார்த்தார்கள். கோழிகள் சீக்கிரம் எடை கூட இந்தியப் பண்ணைகளில் கொலிஸ்டின் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது. 2019 ஜூலையில் இந்திய அரசு அதற்குத் தடை போட்டது.

"நாட்டுக்கோழி என்றால் பயமில்லையே?" என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். அதன் குடலிலும் கேம்பிலோபாக்டர் இருக்கும். வெளியே மேயும்போது காட்டுப்பறவை, பல்லி, எலி எல்லாவற்றின் எச்சமும் அதன் வாய்க்குப் போகிறது. தாராளமாக வாங்குங்கள், ருசியும் தனிதான். கையையும் மணையையும் மட்டும் பிராய்லருக்குக் கழுவுவது போலவே கழுவுங்கள்.