லேப்டாப் சவுண்ட் கார்டிலேயே பாட்டு ரெக்கார்ட் செய்யலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்திருக்கும் கேள்விகள் வெவ்வேறு மாதிரி தெரிந்தாலும் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: கணினியோடு வந்த சவுண்ட் கார்டை வைத்தே சமாளிக்கலாமா, இல்லை தனியாக இன்டர்ஃபேஸ் (மைக்கையும் வாத்தியத்தையும் கணினியோடு இணைக்கும் வெளிப்பெட்டி) வாங்கியே ஆக வேண்டுமா? நான் பல வருடமாகச் சொல்லி வருவது இதுதான். சாதாரண சவுண்ட் கார்டில் சத்தம் வெளியே போகும் பாதை இப்போதெல்லாம் நன்றாகவே இருக்கிறது, உள்ளே வரும் பாதை, அதிலும் மைக் ஜாக், ரொம்பவே பலவீனமானது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கரோக்கி ட்ராக்கை ஓடவிட்டு ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பாடுகிறேன். ஹெட்போனில் என் குரல் எனக்கே தாமதமாகக் கேட்கிறது, ரெக்கார்ட் ஆனதைப் போட்டுப் பார்த்தால் தாளமும் தள்ளி நிற்கிறது. கார்டு போய்விட்டதா?

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் குரல் மைக்கில் நுழைந்து, எண்களாக மாறி, பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பில் கொஞ்சம் சேர்ந்த பிறகு சாஃப்ட்வேருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஃபர் வழியாகத்தான் ஹெட்போனுக்கு வருகிறது. 44,100 சாம்பிள் ரேட்டில், அதாவது ஒரு நொடி ஒலியை 44,100 எண்களாக எடுக்கும்போது, 512 சாம்பிள் பஃபர் நிரம்ப 11.6 மில்லிசெகண்ட் ஆகும், 1024 என்றால் 23. இதற்கு மேல் விண்டோஸ் தன் பங்குக்கு வரிசை போட்டு வைக்கும். நீங்கள் எம்எம்ஈ என்ற பழைய பாதையைத் தேர்ந்தெடுத்திருந்தால் மொத்தத் தாமதம் நூறு மில்லிசெகண்டைத் தாண்டுவது சாதாரணம்.

அது எவ்வளவு என்று புரிய இப்படி யோசியுங்கள். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. 10 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரோடு பாடுவது போல, தாளம் பிடிக்க அது இடைஞ்சலே இல்லை. 100 மில்லிசெகண்ட் என்றால் அவர் 34 மீட்டர் தள்ளி இருக்கிறார், அந்தத் தூரத்தில் யாராலும் சேர்ந்து பாட முடியாது.

இதில் இரண்டு சிக்கல் கலந்திருக்கிறது, பிரித்துப் பாருங்கள். குரல் தாமதமாகக் கேட்பதற்கு, சாஃப்ட்வேர் வழியாக உங்கள் குரலைக் கேட்கும் வசதியையே அணைத்துவிட்டு, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு பாடுங்கள். சினிமா பாடகர்களில் பலரும் ஒரு காதைத் திறந்து வைத்துத்தான் பாடுகிறார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

தாளம் தள்ளி நிற்பதற்கு, தாமதத்தை ஈடுகட்டும் லேட்டன்சி காம்பென்சேஷன் என்ற எண்ணைச் சரிசெய்ய வேண்டும். ஆடாசிட்டியில் அது −130 மில்லிசெகண்ட் என்று போட்டே வரும், அந்த எண் உங்கள் கணினிக்குப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ரிதம் ட்ராக் ஒன்று உருவாக்கி, ஹெட்போனின் ஒரு பக்கத்தை மைக்கோடு ஒட்டிப் பிடித்தபடி, அதை ஓடவிட்டு இரண்டாவது ட்ராக்கில் ரெக்கார்ட் செய்யுங்கள். பிறகு நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்: மேலே ஒரு 'டக்', கீழே அதே 'டக்'. கீழே உள்ளது 40 மில்லிசெகண்ட் தள்ளி இருந்தால் −130-ஐ −170 ஆக்குங்கள். திரும்ப ஒரு முறை சோதித்தால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். அப்புறம், எம்எம்ஈயிலிருந்து வசாபி என்ற புதிய விண்டோஸ் பாதைக்கு மாறினாலோ பஃபரை மாற்றினாலோ இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

ஏசியோ ஃபோர் ஆல் போட்டேன். தாமதம் குறைந்தது, ஆனால் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் திறந்திருக்கும்போது யூடியூபில் சத்தமே வருவதில்லை. பஃபரை 64-க்கு இறக்கினால் பட் பட் என்று வெடிக்கிறது.

ஏசியோ என்பது ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த முறை, விண்டோஸின் மிக்ஸரைச் சுற்றிக்கொண்டு போய் கார்டோடு நேராகப் பேசுவதற்கு. சாதாரண கார்டுகளுக்கு அதைத் தயாரித்தவர்கள் பெரும்பாலும் ஏசியோ ட்ரைவர் தருவதில்லை, அந்த இடைவெளியைத்தான் ஏசியோ ஃபோர் ஆல் நிரப்புகிறது. கார்டைத் தன் கையில் எடுத்துக்கொள்வதால் மற்ற சாஃப்ட்வேர்களுக்கு வழி அடைபடுகிறது, பழுது எதுவும் இல்லை. அது தொல்லையாக இருந்தால் ரீப்பரிலேயே உள்ள வசாபியை ஷேர்டு முறையில், அதாவது கார்டை மற்ற சாஃப்ட்வேர்களோடு பகிரும் முறையில், முயன்று பாருங்கள், தாமதம் கொஞ்சம் கூடினாலும் யூடியூப் பேசும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, அங்கே கோர் ஆடியோ இந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

வெடிப்புச் சத்தம் வருவது, 64 சாம்பிளுக்குள், அதாவது ஒன்றரை மில்லிசெகண்டுக்குள், கணினியால் வேலையை முடிக்க முடியாததால். 128, 256 என்று ஏற்றிக்கொண்டே போய், வெடிப்பு நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். மிக்ஸ் செய்யும்போது தாமதம் ஒரு பொருட்டே இல்லை, தாராளமாக 1024 வையுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு முறை சோதியுங்கள், பல லேப்டாப்களில் அந்த ட்ரைவர்தான் குறுக்கே விழுகிறது.

கண்டென்சர் மைக் வாங்கி, கூடவே வந்த கேபிளில் லேப்டாப் ஜாக்கில் செருகினேன். காதை வைத்துக் கேட்டால்தான் ஏதோ கேட்கிறது.

ஸ்டுடியோ கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம், வேண்டும். கணினியின் மைக் ஜாக் தருவது இரண்டு மூன்று வோல்ட்தான், அதுவும் காலர் மைக் மாதிரி சின்ன மைக்குகளுக்காக. மலிவான சில மாடல்கள் அந்த வோல்ட்டிலும் மெல்ல முனகும், உங்களுடையது அந்த ரகம் போலிருக்கிறது. மைக் பூஸ்டை 30 டெசிபெல் வரை ஏற்றினால் குரல் கூடுகிற அளவுக்கு 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடும், பலன் இல்லை. தனியாக ஃபேன்டம் பவர் பெட்டி விற்கிறார்கள், அதை வாங்கி இந்த ஜாக்கோடு மல்லுக்கட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்தக் காசை இன்டர்ஃபேஸுக்குச் சேர்த்து வையுங்கள்.

ரெக்கார்டிங் முழுக்க ஒரு 'ம்ம்ம்' சத்தம். சாஃப்ட்வேரில் நீக்கினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிறது.

நீக்காதீர்கள், வரும் இடத்தைப் பிடியுங்கள். முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ரெக்கார்ட் செய்து பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு நாள் வீணை எடுத்துக்கொண்டிருந்தபோது அரை மணி நேரம் கேபிளையெல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் சார்ஜரை உருவினதும் ஹம் அந்த நொடியே நின்றது, அதுவரை கேட்காத மந்தர தந்தியின் அடிநாதம் தனியாகத் தெரிந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் மடங்குகளும்தான் இந்த ஹம். எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட், ஆம்ப் ஒரு பிளக்கிலும் லேப்டாப் வேறொரு பிளக்கிலும் இருப்பது, இவைதான் வழக்கமான காரணங்கள். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள், அது உயிருக்கான பாதுகாப்பு.

டெஸ்க்டாப் என்றால் இன்னொன்று. மௌஸை நகர்த்தும்போது ஹெட்போனில் மெல்லிய கீச்சு கேட்கிறதா? முன்பக்க ஜாக்கின் வயர் கேபினெட்டுக்குள் எல்லாச் சத்தத்தையும் பொறுக்கிக்கொண்டு வருகிறது, பின்பக்க ஜாக்குக்கு மாறுங்கள். அதிலும் போகவில்லை என்றால் சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று போதும். அதில் மைக் பெரும்பாலும் மோனோதான், ஆனால் மதர்போர்டின் இரைச்சலிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள்.

கீபோர்டின் ஹெட்போன் அவுட்டை லேப்டாப்பில் செருகி ரெக்கார்ட் செய்தால் உடைந்து உடைந்து கேட்கிறது.

லேப்டாப்பில் இருப்பது ஒரே ஜாக், அதன் உள்ளே வரும் பக்கம் மைக்குக்கானது, மோனோ, மில்லிவோல்ட் கணக்கில் எதிர்பார்ப்பது. கீபோர்டு அதைவிடப் பல மடங்கு பலமாக அனுப்புகிறது. டெஸ்க்டாப்பில் நீல நிற லைன் இன் இருந்தால் அதில் செருகுங்கள். அதைவிட நல்ல வழி, கீபோர்டின் பின்னால் யூஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் அதன் வழியாக மிடி போகும், அதாவது எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தினீர்கள் என்ற தகவல் மட்டும். சத்தத்தைச் சாஃப்ட்வேரே உருவாக்கிக்கொள்ளும், உங்கள் சவுண்ட் கார்டின் பலவீனமான பக்கம் வேலைக்கே வராது.

பழைய சவுண்ட் பிளாஸ்டர் லைவ் ஒன்று பரணில் கிடக்கிறது. போடலாமா?

1998-இல் வந்தபோது அது அருமையான கார்டு, நானும் ஆசையாக வைத்திருந்தேன். உள்ளே எல்லாமே 48,000-இல்தான் ஓடும், 44,100-இல் கொடுத்தால் தானே மாற்றிக்கொள்ளும். இன்று அதைச் செருகும் பழைய பிசிஐ ஸ்லாட் உள்ள போர்டும் ஒத்துவரும் ட்ரைவரும் தேடி அலைய வேண்டும். வேண்டாம்.

இரண்டு யூஎஸ்பி மைக், ஒன்று குரலுக்கு, ஒன்று வீணைக்கு. ஆரம்பத்தில் சேர்ந்திருக்கிறது, வர்ணம் முடியும்போது பிரிந்துவிடுகிறது.

ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் இருக்கிறது. 44,100 என்று இரண்டுமே சொன்னாலும் ஒன்று இம்மி வேகம், ஒன்று இம்மி மெதுவு. வித்தியாசம் லட்சத்தில் ஐந்து பங்கு என்று வைத்துக்கொண்டால் ஆறு நிமிடத்தில் 18 மில்லிசெகண்ட் விலகும். மேக்கில் இரண்டையும் அக்ரிகேட் டிவைஸ் என்று சேர்த்து, இந்த விலகலைச் சரிசெய்யும் ட்ரிஃப்ட் கரெக்ஷனைப் போடலாம். விண்டோஸில் ஒரு மைக்கை மட்டும் வைத்து இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து எடுங்கள். உட்காரும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்தால் பொருத்தமான இடம் அமையும்.

இதோடு சேர்த்து ஒன்று: போனில் 48,000-இல் எடுத்ததை 44,100 ப்ராஜெக்டில் மாற்றாமல் போட்டால் சுருதியே இறங்கிவிடும். தலைகீழாக நடந்தால் ஐந்து கட்டையில் பாடியது ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் போய் நிற்கும். தம்புராவோடு சேரவில்லையே என்று பாடகரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

புளூடூத் இயர்போன் போதுமா?

பாட்டு கேட்க போதும். ரெக்கார்டிங்குக்கு வேண்டாம், தாமதம் மிக அதிகம், அதன் மைக்கைத் திறந்த உடனே ஒலியின் தரமும் போன் காலுக்கு இறங்கிவிடும்.

அப்படியானால் இன்டர்ஃபேஸ் எப்போது வாங்குவது?

பீட் புரோகிராமிங், மிடி, மிக்ஸிங் மட்டும் என்றால் வேண்டியதில்லை, நல்ல வயர் ஹெட்போனுக்குச் செலவழியுங்கள். குரல், வயலின், எலெக்ட்ரிக் கிட்டார் என்று நேரடியாக எடுக்க ஆரம்பித்தால் வாங்குங்கள். கிட்டாரின் பிக்கப்புக்கு (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) ஒரு மெகாஓம் அளவு மின்தடை உள்ள இன்புட் வேண்டும், லைன் இன்னில் செருகினால் மேல் ஸ்தாயியின் பளபளப்பு மங்கிவிடும். வாங்கும்போது சொந்த ஏசியோ ட்ரைவர் இருக்கிறதா, 48 வோல்ட் பட்டன் இருக்கிறதா, கணினியைச் சுற்றாமல் குரலை நேராக ஹெட்போனுக்குத் தரும் டைரக்ட் மானிட்டர் இருக்கிறதா, இந்த மூன்றையும் கேளுங்கள். பெட்டியில் 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்தாலே தாராளம். வாங்கி வந்த அன்றே முதல் டேக்குக்கு முன்னால் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மைக்குக்குப் பின்னால் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிட்டு எடுத்துப் பாருங்கள்.