கணினிக் கேள்வி பதில்: பெயர் இருந்த இடத்தில் முகவரி

கேள்வி: எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தின் உறுப்பினர் பட்டியலை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பழைய அட்டவணையிலிருந்து புதியதற்கு 'செலக்ட் *' கொடுத்து நகலெடுத்தேன். நெடுவரிசை எண்ணிக்கை பொருந்தவில்லை என்ற பிழைச்செய்தி வந்ததால், புதிய அட்டவணையில் கூடுதலாக இருந்த 'சேர்ந்த நாள்' நெடுவரிசையை நீக்கினேன். பிறகு நகல் தடையின்றி முடிந்தது; ஆனால், உறுப்பினர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புளோக் எண்ணும் தெருப்பெயரும் இருக்கின்றன. ஏன்?

— வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: நட்சத்திரக் குறியிட்டு எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லும்போது, தரவுத்தளம் நெடுவரிசைகளின் பெயரைப் பார்ப்பதில்லை, முதலில் வருவதை முதல் இடத்திலும், இரண்டாவதாக வருவதை இரண்டாம் இடத்திலும் வைத்துவிடுகிறது. உங்கள் பழைய அட்டவணையில் பெயர் முதலிலும், புதியதில் முகவரி முதலிலும் இருந்திருக்க வேண்டும். இரண்டுமே எழுத்து வகை என்பதால் பிழைச்செய்தி வரவில்லை. இந்த மௌனம்தான் எனக்குக் கவலை தருகிறது. முதலில் வந்த பிழைச்செய்தி உங்களுக்கு நன்மையே செய்தது.

நீக்கிய நெடுவரிசையை மீண்டும் சேர்த்து, புதிய அட்டவணையைக் காலி செய்துவிட்டு, இரு பக்கமும் நெடுவரிசைகளின் பெயர்களை எழுதுங்கள்:

இன்செர்ட் இன்டூ புதியது (பெயர், முகவரி, அஞ்சல்_குறியீடு, தொலைபேசி) செலக்ட் பெயர், முகவரி, எல்பேட்(அஞ்சல்_குறியீடு, 6, '0'), தொலைபேசி ஃபிரம் பழையது;

அட்டவணையில் நெடுவரிசைகள் எந்த ஒழுங்கில் இருந்தாலும் சரி, இந்த இரு பட்டியல்களும் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால் போதும். பட்டியலில் இடம்பெறாத 'சேர்ந்த நாள்' தன் இயல்பு மதிப்பைப் பெறும். அதற்கு இயல்பு மதிப்பு இல்லையென்றால் வெற்றாக இருக்கும். வெற்றாக இருக்கக்கூடாது என்று அந்த நெடுவரிசையை அமைத்திருந்தால், கட்டளை பிழையில் முடியக்கூடும். அப்போதும் இன்றைய தேதியை இட்டு நிரப்பாமல், அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதே நேர்மையானது என்பேன்.

எல்பேட் எதற்கு என்று கேட்பீர்கள். இலக்கம் குறைந்தால் முன்னால் பூஜ்யம் சேர்த்து ஆறாக்கவே அது. நம் சிங்கப்பூர் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம் கொண்டது. மரீனா, தஞ்சோங் பகார் வட்டாரங்களில் அது பூஜ்யத்தில் தொடங்குகிறது. பழைய அட்டவணை அதை எண்ணாகச் சேமித்திருந்தால் 018956 என்பது 18956 ஆகியிருக்கும். புதியதில் அதை எழுத்து வகையாகவே வையுங்கள்.

முதலில் செலக்ட் பகுதியை மட்டும் இயக்கிப் பத்துப் பதிவுகளைக் கண்ணால் பாருங்கள். பின்னர், மாற்றங்கள் உடனே நிலைபெறாதிருக்க ஸ்டார்ட் டிரான்சாக்ஷன் கொடுத்து நகலெடுத்து, இரு அட்டவணைகளின் பதிவு எண்ணிக்கையும் சமமா என்று பார்த்த பிறகே கமிட் கொடுத்து நிலைப்படுத்துங்கள். ஐயம் இருந்தால், மாற்றத்தைத் திரும்பப் பெற ரோல்பேக் போதும், அட்டவணை இன்னோடிபி என்ற சேமிப்பு வகையாக இருக்கும்வரை.