கூட்டிப் பார்த்தால் ஜெயித்திருப்பார்களா?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். உங்கள் தொகுதியில் இடைத்தேர்தல் வருகிறது, கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் என்ற இரண்டு வலதுசாரிக் கட்சிகளும் தனித்தனியாக நிற்பதால் வலதுசாரி ஓட்டு பிரிந்து இடது பக்கத்து லேபர் கட்சி சுலபமாக ஜெயித்துவிடும் என்று வேலையிடத்தில் பேசிக்கொள்கிறார்கள், அது சரியா என்பது ஒன்று. பிரிட்டனுக்கு வந்து எட்டு மாதமே ஆன உங்களுக்கு ஓட்டு உண்டா என்பது மற்றொன்று.

ஓட்டு உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், 18 வயது நிரம்பி, செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருந்தால் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். வேலை விசாவா மாணவர் விசாவா என்று பார்ப்பதில்லை. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக ஏறாது. அரசு இணையதளத்தில் நீங்களே பதிவு செய்ய வேண்டும், நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்னதாக நள்ளிரவோடு கெடு முடியும். இடைத்தேர்தலில், தேர்தலை நடத்தச் சொல்லும் ரிட் உத்தரவு வந்த 21 முதல் 27 வேலை நாளுக்குள் வாக்குப்பதிவே நடந்துவிடும் என்பதால், துண்டுப் பிரசுரம் வீட்டுக்கு வரும்போது பதிவு செய்யலாம் என்று காத்திருந்தால் கெடு போய்விடும்.

பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். நம் ஆட்கள் இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதிவிட்டு வாக்குச்சாவடியில் நின்று விளக்கம் சொல்வது தேவையில்லாத வேலை. அடையாளத்துக்கு இந்திய பாஸ்போர்ட் போதும், ஆனால் கையில் அசல் இருக்க வேண்டும். கைபேசியில் ஈ-விசாவைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள்.

இனி ஓட்டுப் பிரிவு. இங்கேயும் நம்மூர் போலத்தான், ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவர் ஜெயித்தவர். நம்மூரில் அதைச் சமாளிக்கத் தேர்தலுக்கு முன்பே கூட்டணி, தொகுதிப் பங்கீடு என்று உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே அந்தப் பழக்கம் மிகக் குறைவு. 2019 பொதுத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் வசமிருந்த 317 தொகுதிகளில் பிரெக்ஸிட் கட்சி (இன்றைய ரிஃபார்மின் பழைய பெயர்) போட்டியிடாமல் விலகியது அபூர்வம். டெபாசிட்டும் 500 பவுண்டுதான், 5 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கினால் திரும்பக் கிடைத்துவிடும். அதனால் வலது பக்கத்தில் மூன்று, நான்கு பேர்கூட நிற்பார்கள். 2023 டாம்வொர்த் இடைத்தேர்தலில் லேபர் கன்சர்வேட்டிவை 1,316 ஓட்டில் ஜெயித்தது. அங்கே ரிஃபார்ம் வாங்கியது 1,373, பிரிட்டன் ஃபர்ஸ்ட் 580, யூகிப் 436.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் 'பிரிந்ததால்தான் தோற்றார்கள்' என்று சொல்லத் தோன்றும். கிங்ஸ்வுட்டைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் லேபர் 11,176, கன்சர்வேட்டிவ் 8,675, ரிஃபார்ம் 2,578. பின்னவை இரண்டையும் கூட்டினால் 11,253, லேபரைவிட 77 அதிகம். பிரிவினைக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி வேண்டுமா? ஆனால் 2019-ல் அதே தொகுதியில் கன்சர்வேட்டிவ் வாங்கியது 27,712. அதாவது 19,000-க்கும் மேற்பட்ட ஓட்டு காணாமல் போனது. ரிஃபார்முக்குப் போட்ட ஒவ்வொருவரும் பழைய கன்சர்வேட்டிவ் என்றே வைத்துக்கொண்டாலும், மீதி 16,000-க்கு ரிஃபார்ம் பொறுப்பில்லை. அந்த இடைத்தேர்தலில் வாக்குப்பதிவு 37 சதவீதம்தான், லேபரின் ஓட்டே 16,492-லிருந்து சரிந்திருந்தது. பெரும்பாலோர் கட்சி மாறவில்லை, வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

அதே நாள் நடந்த வெல்லிங்பரோவில் கூட்டலும் உதவாது. கன்சர்வேட்டிவ் 7,408, ரிஃபார்ம் 3,919. லேபர் 13,844.

நிஜமாகவே பிரிவினை தீர்மானித்த இடம் என்றால் 2019 ஜூனில் நடந்த பீட்டர்பரோதான் என்பேன். லேபர் 10,484, பிரெக்ஸிட் கட்சி 9,801, கன்சர்வேட்டிவ் 7,243. வித்தியாசம் 683. மூன்றாம் இடத்தின் ஓட்டில் பத்தில் ஒரு பங்கு பிரெக்ஸிட் கட்சிக்கு நகர்ந்திருந்தாலே முடிவு மாறியிருக்கும், மொத்தமும் நகரத் தேவையில்லை. ஆகவே கூட்டிப் பார்ப்பதைவிட, தோற்ற இடைவெளியை மூன்றாமவரின் ஓட்டோடு ஒப்பிடுங்கள். ஐந்தில் நான்கு பேர் மாறினால்தான் நடக்கும் என்று கணக்கு வந்தால், அது நடக்காது.

வாக்காளர்களும் சும்மா இருப்பதில்லை. யார் முன்னே நிற்கிறார் என்று தெரிந்தால் பின்தங்கிய கட்சியை அவர்களே கைவிடுவார்கள். 2025 மே மாதம் ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பியில் அதுதான் நடந்தது. முந்தைய பொதுத்தேர்தலில் 16 சதவீதம் இருந்த கன்சர்வேட்டிவ் 7 சதவீதத்துக்கு இறங்கியது. ரிஃபார்ம் 12,645, லேபர் 12,639. மறு எண்ணிக்கைக்குப் பிறகு ஆறே ஓட்டு. பசுமைக் கட்சி வாங்கிய 2,314-ஐப் பார்த்தால், அங்கே பிரிவினை இடது பக்கத்தையும் கடித்திருக்கிறது.

'இங்கே அவர்களால் ஜெயிக்க முடியாது' என்று பட்டைப் படம் போட்ட பிரசுரங்கள் உங்கள் கதவிடுக்கில் விழும். எல்லாக் கட்சிகளும் செய்வார்கள், லிபரல் டெமாக்ரட்டுகள் அதில் கைதேர்ந்தவர்கள். பட்டையின் உயரத்தை நம்பாதீர்கள், கீழே பொடி எழுத்தில் எந்தத் தேர்தலின் எண் என்று பாருங்கள். பல நேரம் அது கவுன்சில் தேர்தலாகவோ நாடு முழுவதுக்குமான கருத்துக்கணிப்பாகவோ இருக்கும். 2019 எண் என்றால் இன்னும் கவனம். 2024-ல் எல்லைகள் மாறிவிட்டன, மேலே சொன்ன கிங்ஸ்வுட் என்ற தொகுதியே இப்போது இல்லை.