நூலகப் பணியாளர் கேள்வி பதில்: பேனல், புதிய நூலகங்கள், காணாமல் போகும் புத்தகங்கள்

கிளை நூலகத்தில் தொடங்கி மாவட்ட மைய நூலகத்தில் ஓய்வு பெற்றவன் நான். தமிழ்நாட்டுப் பொது நூலகத் துறையில் பணியில் இருப்பவர்களும், உள்ளே வர நினைப்பவர்களும் கேட்ட கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் நிலை நூலகர், புதுக்கோட்டை மாவட்டம்: அஞ்சல் வழியில் நூலக அறிவியல் பட்டம் முடித்துவிட்டேன் ஐயா. பதவி உயர்வுக்கு பேனல் (தகுதியானவர்கள் பட்டியல்) தயாராகிறது என்கிறார்கள். நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

இன்றைக்கே போய் உங்கள் பணிப்பதிவேட்டைப் பாருங்கள். பட்டம் வீட்டு பீரோவில் இருந்தால் அது உங்களுக்குத்தான் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியாது. படிக்க முன் அனுமதி வாங்கிய ஆணை, தேர்ச்சிச் சான்று, சான்றின் உண்மைத்தன்மை அறிக்கை, இந்த மூன்றும் பதிவேட்டில் ஏறி மாவட்ட நூலக அலுவலரின் கையெழுத்து ஆகியிருக்க வேண்டும். பேனலுக்கு ஒரு குறிப்பிட்ட தேதி வைத்திருப்பார்கள். அந்தத் தேதியில் பதிவேட்டில் என்ன இருந்ததோ, அதை வைத்துத்தான் உங்கள் தகுதி.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் பட்டம் வாங்கியதும் நகலை ஒரு மனுவோடு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். மனு ஏதோ ஒரு கோப்பில் தூங்கிவிட்டது. பேனலில் என் பெயர் இல்லை. கேட்டால், "பதிவேட்டில் பதிவு இல்லையே சார்" என்றார் எழுத்தர். அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். என்னைவிட இளையவர்கள் இரண்டு பேருக்குக் கீழே அடுத்த பேனல் வரை காத்திருந்தேன்.

அதனால் மனு கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பணிமூப்பு வரிசையைக் காட்டும் முதுநிலைப் பட்டியல் சுற்றுக்கு வரும்போது பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை எல்லாவற்றையும் சரிபாருங்கள். ஆட்சேபம் சொல்லக் கொடுக்கும் அவகாசத்தைத் தாண்டிவிட்டால் பிறகு யாரிடம் முறையிட்டாலும் இழுத்தடிப்புதான். இடையில் துறைத் தேர்வுகளையும் எழுதி வையுங்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையம் அவற்றை மே, டிசம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது.

இரண்டாம் நிலை நூலகர், கரூர்: திருச்சி, கோவை புதிய நூலகங்களுக்கு மாற்றுப்பணி கேட்கலாமா?

கேட்கலாம். அங்கே வேலை எப்படி இருக்கும் என்பதற்கு மதுரையைப் பாருங்கள். மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. பரப்பு 2 லட்சத்து 13 ஆயிரம் சதுர அடி. இவ்வளவு பெரிய கட்டடத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை ஒரு பங்குதான். குழந்தைகள் பிரிவு, பார்வையற்றோர் பிரிவு, போட்டித் தேர்வுப் பிரிவு, மின்னூல்கள் என்று தனித்தனிக் கைப்பழக்கம் கேட்கும் வேலைகளே அதிகம். கோவையில் பெரியார் பெயரிலும் திருச்சியில் காமராசர் பெயரிலும் அமையும் நூலகங்களும் இதே அச்சுதான். விருப்ப மனுவில் "சொந்த ஊருக்கு அருகில்" என்று மட்டும் எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். சிறுவர் கதைநேரம் நடத்தியிருக்கிறேன், பிரெய்ல் நூல்களைக் கையாண்டிருக்கிறேன் என்று செய்த வேலையை எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாற்றுப்பணி பதவி உயர்வு ஆகாது. பணியிடம் பழைய இடத்திலேயே இருக்கும். விடுவிப்பு ஆணையும் பணியில் சேர்ந்த அறிக்கையும் பதிவேட்டில் ஏறாவிட்டால், முதல் கேள்விக்குச் சொன்ன கதை திரும்பவும் நடக்கும்.

நூலக அறிவியல் மாணவி, திருநெல்வேலி: நேரடியாக மாவட்ட நூலக அலுவலராக முடியுமா?

முடியும் அம்மா. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நூலகப் பணிகளுக்கென ஒருங்கிணைந்த தேர்வு நடத்தியிருக்கிறது. 2023 தேர்வில் மாவட்ட நூலக அலுவலர் பணியிடமும் இருந்தது. ஆனால் இந்தத் தேர்வு வருடா வருடம் வருவதில்லை. எப்போதாவது வரும், வந்தாலும் இடங்கள் குறைவு. அறிவிக்கை வந்த பிறகு புத்தகத்தைத் திறந்தால் நேரம் போதாது.

பாடத்தில் கெட்டிக்காரர்கள் தமிழ்த் தகுதித் தாளில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அது பத்தாம் வகுப்புத் தரம்தான், ஆனால் 40 சதவீதம் எடுக்காவிட்டால் உங்கள் மற்ற விடைத்தாளையே திருத்த மாட்டார்கள். தமிழ்வழியில் படித்தவர் என்றால் அந்தச் சான்றை ஒவ்வொரு வகுப்புக்கும் இப்போதே வாங்கி வையுங்கள். பள்ளி விடுமுறையில் தலைமை ஆசிரியரைத் தேடி அலைவது பெரும்பாடு.

ஊர்ப்புற நூலகர், தருமபுரி மாவட்டம்: எங்களுக்குக் காலமுறை ஊதியம் (ஆண்டு உயர்வோடு கூடிய ஊதிய விகிதம்) வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஓடுகிறதே, உண்மையா?

அரசாணை எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது செய்தி இல்லை, ஆசை. உங்கள் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது, அது வேறு விஷயம்.

கிளை நூலகர், விழுப்புரம்: இருப்புச் சரிபார்ப்பில் 60 புத்தகங்கள் குறைகின்றன. அத்தனையும் என் சம்பளத்தில் பிடிப்பார்களா?

இதே கேள்வியைப் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள். திறந்த அடுக்கு முறை வைத்துவிட்டால் புத்தகம் தொலையத்தான் செய்யும். வாசகரை அடுக்கு வரை விட வேண்டும் என்று வாதாடியவர் இந்திய நூலகவியலின் தந்தை, நம் சீர்காழி ரங்கநாதன். அவர் பெயரைச் சொல்லி விழா எடுத்துவிட்டு, தொலைந்த புத்தகத்துக்கு நூலகரைக் கள்ளனைப் போல் நிறுத்துவது எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் விதி 215 இருக்கிறது. ஒரு வருடத்தில் வழங்கிய, பார்வையிட்ட நூல்களில் ஆயிரத்துக்கு 5 தொலைந்தால் அதை இயல்பான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, 1000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூல் என்றால் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த விதி மாநில நூலகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் விளக்கக் கடிதத்தில் மேற்கோள் காட்டத் தடை ஏதும் இல்லையே. வருடத்துக்கு 15 ஆயிரம் நூல்கள் புழங்கும் கிளையில், அந்தக் கணக்கில் 75 வரை போகலாம். உங்கள் 60 எத்தனை வருடத்தில் தொலைந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கடிதத்துக்கு முன் இன்னொரு வேலை. பைண்டிங்குக்குப் போனவை, கிழிந்து ஓரம் கட்டியவை, பகுதிநேர நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு ரசீது வாங்க மறந்தவை, உறுப்பினரிடமே தங்கிவிட்டவை, நான்கையும் தனித்தனியாகப் பிரியுங்கள். எனக்கு ஒருமுறை 140 குறைந்தது. பிரித்துப் பார்த்ததில் உண்மையில் தொலைந்தது 31. அப்புறம், முந்தைய நூலகரிடம் பொறுப்பு ஏற்கும்போது எண்ணாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "அவசரம் சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார்கள். அடுத்த பஸ்ஸில் போகட்டும்.

நூலகர், நாகப்பட்டினம்: நல்நூலகர் விருதுக்கு யாரைப் பரிந்துரைக்கிறார்கள்?

ரங்கநாதன் பெயரில் வெள்ளிப் பதக்கத்தோடு கொடுக்கும் விருது. எண்ணிக்கை பேசும்: உறுப்பினர் சேர்க்கை, நூலகத்துக்குப் பணம் கட்டி ஆதரிக்கும் புரவலர் சேர்க்கை, வாசகர் வட்டக் கூட்டங்கள், நூலக நண்பர்கள் திட்டத்தில் வீட்டுக்கே போன புத்தகங்கள். மாதாமாதம் குறித்து வைத்தால்தான் கணக்கு நிற்கும். ஒரு வேண்டுகோள், 1000 ரூபாய் புரவலர் கட்டணத்தை உங்கள் பையிலிருந்து போட்டு எண்ணிக்கை காட்டாதீர்கள். இது ஊரறிந்த ரகசியம்.

நூலகர், ஈரோடு: கோஹா மென்பொருள் கற்க எங்கே போவது?

எங்கேயும் போக வேண்டாம். நூல் பட்டியலையும் வழங்கலையும் கவனிக்கும் கோஹா இலவசம், வீட்டுக் கணினியிலேயே நிறுவலாம். முதலில் நூறு தமிழ் நூல்களுக்கு மார்க் 21 முறையில் (நூல் விவரங்களைக் கணினியில் பதியும் பொது வடிவம்) பதிவு போட்டுப் பாருங்கள். ஆசிரியர் பெயரில் முன்னெழுத்தை எங்கே வைப்பது என்பதிலேயே பாதி நூலகவியல் புரிந்துவிடும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: எங்கள் நூலகத்துக்குப் புதிய புத்தகமே வருவதில்லை. பணம் எங்கேதான் போகிறது?

1948இல் பொது நூலகச் சட்டம் வந்தபோது சொத்துவரியில் ரூபாய்க்கு 6 தம்பிடி (அந்தக் காலச் சில்லறைக் காசு) நூலக வரி. இப்போது 10 பைசா. வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு, சேர வேண்டியது மாவட்ட நூலக ஆணைக்குழு. இடையில் நிலுவை சேர்ந்துவிடுகிறது. தெருவுக்கு விளக்கு போட வேண்டிய ஆணையருக்கு நூலக நிலுவை கடைசிக் கவலைதான். வாசகர் வட்டத் தலைவரைத் தகவல் உரிமைச் சட்டத்தில் நிலுவைத் தொகையைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் உங்களிடமே விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், அவர் கேட்டால் பதில் வரும்.

நூலகர், தஞ்சாவூர்: தகுதிகாண் பருவத்தில் இருக்கிறேன். மகப்பேறு விடுப்பு எடுத்தால் பருவம் தள்ளிப்போகுமா?

தள்ளிப்போகாது. மகப்பேறு விடுப்பைத் தகுதிகாண் பருவக் கணக்கில் சேர்ப்பதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். அந்த அறிவிப்புக்கான அரசாணையின் நகல் ஒன்றை மனுவோடு இணைத்துவிடுங்கள், உங்கள் அலுவலக எழுத்தர் இன்னும் பார்த்திருக்க மாட்டார். நல்லபடியாகப் பிள்ளை பெற்று வாருங்கள்.