கையெழுத்தை மட்டும் கத்தரிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

அப்பா வணிகக் கப்பலில் வேலை பார்த்தவர். எழுபதுகளில் லண்டனில் கப்பல் நிற்கும் நாட்களில் பியானோ கச்சேரிகளுக்குப் போவார். நிகழ்ச்சி நிரலிலேயே கலைஞர்களிடம் கையெழுத்து வாங்கி வருவார். அவர் மறைந்த பிறகு பீரோவில் ஒரு கட்டு கிடைத்தது. ஆல்ஃப்ரெட் பிரெண்டல், மார்த்தா ஆர்கெரிச் பெயர்களை வாசிக்க முடிகிறது. கையெழுத்துகளை மட்டும் கத்தரித்து, டவுன்ஹால் ரோட்டில் கொடுத்து லேமினேட் செய்து ஒரே ஃபிரேமில் மாட்டலாம் என்கிறார் வீட்டுக்காரர். செய்யலாமா?

வி., திருநகர், மதுரை

அன்புள்ள வி.,

தயவுசெய்து கத்தரிக்காதீர்கள். லேமினேஷனும் வேண்டாம், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது.

அப்பா விவரம் தெரிந்தவர். ஆட்டோகிராஃப் நோட்டை நீட்டாமல் நிரலையே நீட்டியிருக்கிறார். அதில் தேதி, அரங்கம், அன்று வாசித்த உருப்படிகள் எல்லாம் இருக்கும். நம் சபாக்களில் பாட்டுப் பட்டியலை முன்கூட்டி அச்சடிப்பது அபூர்வம். ரசிகர்கள்தான் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். அங்கே எந்த சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட இசைப் படைப்பு), இடைவேளை எப்போது என்பதுவரை முன்பே அச்சாகிவிடும். அச்சில் வராதது, கைதட்டல் ஓயாமல் கடைசியில் வாசிக்கும் என்கோர் மட்டும். ஓரத்தில் பென்சில் கிறுக்கல் இருந்தால் அழித்துவிடாதீர்கள். அது என்கோரின் பெயராக இருக்கலாம். அப்பா எழுதி வைத்ததைத் தவிர அதற்கு வேறு பதிவே இல்லாமலும் போயிருக்கலாம்.

ஆர்கெரிச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965-இல் வார்சாவின் ஷோபன் பியானோ போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். எண்பதுகளிலிருந்து மேடையில் தனியாக வாசிப்பதை அநேகமாக விட்டுவிட்டார். ஆர்கெஸ்ட்ராவோடும் நண்பர்களோடும்தான் வாசிப்பு. உங்களிடம் இருப்பது அவருடைய தனிக்கச்சேரி நிரல் என்றால் அது பெரிய பொக்கிஷம். கையெழுத்தை வெட்டி எடுத்துவிட்டால் அதை எப்படித் தெரிந்துகொள்வது? பிரெண்டல் 2008 டிசம்பரில் மேடையை விட்டு விலகினார், 2025-இல் காலமானார். இன்னொரு பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964-லேயே, முப்பத்தொரு வயதில், மேடைக்கு முழுக்குப் போட்டுவிட்டார். அதனால் அவர் கையெழுத்திட்ட நிரல்களைச் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள்.

சில நிரல்களில் கையெழுத்தையும் சேர்த்தே அச்சடித்திருப்பார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். அச்சு பெரும்பாலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். பேனா என்றால் கோடு கோட்டின் மேல் ஏறும் இடத்தில் மை அடர்ந்திருக்கும். பால்பாயின்ட் என்றால் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது பள்ளம் தெரியும்.

நம் ஊர் வெயிலில் மை சீக்கிரம் வெளிறும். ஐப்பசி ஈரத்தில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளை அரிக்கும், இராமபாணப் பூச்சியும் வரும். பின்களை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, அமிலமில்லாத தாள் உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, சுவர் ஈரம் படாத அலமாரியில் படுக்கை வாட்டில் வையுங்கள். பிவிசி கவர் வேண்டாம், மை அதில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்காரருக்குச் சுவரில் மாட்ட ஆசையென்றால் நல்ல கலர் நகல் எடுத்து மாட்டட்டும்.

ஆர்கெரிச் நிரலின் உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். தனிக்கச்சேரியா, ஆர்கெஸ்ட்ராவோடா என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆவலாக இருக்கிறது.